முப்பத்திரண்டு எழுத்துக்கு இடம்

செம்பைத் தோண்டி உலகுக்கெல்லாம் அனுப்புகிறோம்.
எங்கள் கழிவுக் குட்டைப் பம்பு வரைக்கும் போக
தொள்ளாயிரம் மீட்டர் செம்புக் கம்பி நிலைக்கவில்லை.
மூன்று முறை இழுத்தோம். மூன்று முறையும்
இரவோடிரவாக யாரோ உருவிப் போனார்கள்,
வெந்த மீனில் முள்ளை உருவுவது போல.
கலாமாவில் காயலான் கடைக்காரன்
எங்கள் கம்பியையே எங்களுக்கு விலை சொன்னான்.

அதனால்தான் இந்தக் கம்பியில்லா வலை.
கம்பத்துக்குக் கம்பம் ஒரு சாம்பல் பெட்டி,
சுண்டுவிரல் நீளத்தில் ஆன்டெனா,
ஐந்து வருடத்துக்குப் பேட்டரி.
தூரத்துக்குக் கத்த வேண்டாம். பக்கத்துப் பெட்டிக்குக் கேட்டால் போதும்,
அது தன் பக்கத்துக்குச் சொல்லும்.
தண்ணீர் லாரி குறுக்கே வந்து நின்றால்
செய்தி சுண்ணாம்புக் கிடங்கைச் சுற்றிக்கொண்டு வருகிறது,
கடன் கொடுத்தவனைக் கண்டு சந்து மாறுகிறவன் மாதிரி.

ஃப்ரொய்லான் கைகட்டி நின்றார்.
அவருடைய கட்டுப்பாட்டுப் பலகை தொண்ணூற்று மூன்றில் வந்தது.
பச்சை எழுத்து. விநாடிக்கொரு தரம்
ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடும், உள்ளேன் என்று கேட்கும் வரை விடாது.
வலையோ எட்டு விநாடிக்கு ஒரு சொல்.
"எட்டு விநாடியில் என்னென்ன நடக்கும் தெரியுமா, யோபானா?"
ஒன்றும் நடக்காது.
ஆனாலும் அவர் சொன்னதில் பாதி நியாயம்.
கடைசியில் ஒப்புக்கொண்டோம்:
வலை பேசலாம், வால்வைத் தொடக் கூடாது.
திறக்கிற மூடுகிற கை ஆலைக்குள் பழைய கம்பிக்கே.

பழைய கம்பிக்கு ஒரு மரியாதை உண்டு.
தொட்டி காலி என்று சொல்லவும்
அது நான்கு மில்லிஆம்பியர் அனுப்பும்.
வெறுமை வேறு, சாவு வேறு என்று அறிந்த கணக்கு.
நிஜப் பூஜ்யம் வந்தால்
எங்கோ கம்பி அறுந்தது என்று அர்த்தம்.

குட்டைக்கும் அறைக்கும் நடுவே ஒரு கால் ஊன்ற இடம் வேண்டியிருந்தது.
வடக்குத் தொட்டியின் பழைய அழுத்தமானி தோதாக இருந்தது.
அதன் தலையில் ஒரு பெட்டியைத் திருகினேன்,
வழிப்போக்கன் திண்டு போல, அவ்வளவுதான் என் எண்ணம்.

அது வாய் திறந்தது.

அந்த ஒற்றைக் கம்பியிலேயே, மின்னோட்டத்தின் முதுகில் ஏறி,
இன்னொரு பேச்சும் இத்தனை வருடமாக ஓடியிருக்கிறது.
பச்சைப் பலகைக்கு அந்தக் காது இல்லை.
தன் வெப்பம், தன் தேய்மானம், தன் வரிசை எண்,
பிறகு குறிப்பு எழுத முப்பத்திரண்டு எழுத்துக்கு ஒரு இடம்.
யாரும் நிரப்பாத இடம் அது. எல்லா ஆலையிலும் காலியாகவே கிடக்கும்.
இதில் இருந்தது,
பெரிய எழுத்தில், ஒரு புள்ளிகூட வைக்காமல்:

உறைபனியில் என்னை நம்பாதே

தேதி தொண்ணூற்று நான்கு ஜூலை. பேர் இல்லை.

ஒவ்வொரு ஜூனிலும் விடியலில் அலாரம் அடிக்கும், தொட்டி வழிகிறதென்று.
ஒவ்வொரு தடவையும் ஒருவர் டார்ச்சோடு போய்
பதினான்கு படி ஏணியேறி எட்டிப் பார்த்து
ஒன்றுமில்லை என்று திரும்புவார்.
ஃப்ரொய்லான் மட்டும் பதினோரு குளிர்காலம்.
திரையை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.
"சொல்லியிருக்கிறான் பார், மடையன்,
யாருக்கும் கேட்காத இடமாகத் தேடி!"

இன்று காலை மைனஸ் ஒன்பது. அலாரம் அடித்தது.
குறிப்பு திரையிலேயே இருந்தது.
ஃப்ரொய்லான் கோட்டை மாட்டினார்.
எங்கே என்றேன்.
"நான் பொய் சொல்வேன் என்று ஒருத்தன் சொன்னால்
அதை மட்டும் எப்படி நம்புவது?"

டார்ச் வெளிச்சம் குழாய்களுக்கிடையே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
லாரிகள் இன்னும் வரவில்லை. செய்திகள் நேர்வழியில் வந்தன.
வாக்கி டாக்கி கரகரத்தது.
"சும்மாதான். ஆனால் ஏழாவது படி வழுக்குகிறது,
அதையும் எழுதி வை."

எழுத்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.